குனிந்தால் ஓடும் நாய்

ஒரு சின்ன சோதனை. தெருவில் படுத்திருக்கும் ஏதாவது ஒரு நாய்க்குக் கொஞ்சம் தள்ளி நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து பாருங்கள். அநேகமாக அது எழுந்து ஓடும். உங்கள் கையில் கல் இல்லை. கல்லை எடுக்கும் எண்ணமும் உங்களுக்கு இல்லை. ஆனாலும் ஓடும்.

போன தீபாவளிக்கு மறுநாள் பாலக்கோட்டில் எங்கள் தெருவுக்கு ஒரு செவலை நாய் வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த ஒரு கடைக்குப் பின்னால், அடுக்கி வைத்திருந்த தக்காளிப் பெட்டிகளின் சந்தில் போய்ப் படுத்துக்கொண்டது. தக்காளி மண்டி இருக்கிற ஊர் என்பதால் எங்கள் ஊரில் பெட்டிக்குப் பஞ்சமில்லை. இரண்டு நாள் வெளியே வரவே இல்லை. எதிர்வீட்டு அக்கா பழைய சோறு வைத்தார். ஆள் நகர்ந்த பிறகுதான் வந்து தின்றது. யாராவது குனிந்தால் மறுபடி சந்துக்குள் போய்விடும்.

என்னடா இவன், வரலாற்றுக் கட்டுரை என்று சொல்லிவிட்டு நாய்க்கதை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள் :-) அந்த நாயை எப்படியாவது பழக்கிவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டில்தான் ஒரு கேள்வி வந்தது. மனிதன் வளர்த்த முதல் மிருகம் நாய். ஆடு, மாடு, கோழி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அவ்வளவு காலம் கூடவே வாழ்ந்த ஒரு ஜீவன் நாம் குனிந்தாலே ஏன் ஓடுகிறது? இந்த பயம் எப்போது வந்தது? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் உள்ள நாய்கள்

நம் தர்மபுரிப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் போனது. தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனவர்கள் வரிசையாக நிற்கும் வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு பிடிக்கும் சண்டையில் செத்தவர்கள், ஊரைக் காத்துச் செத்தவர்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில் எழுதப்பட்டது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கும்போது செத்துப்போனான் என்று அது சொல்கிறது.

கல்வெட்டு அதோடு முடியவில்லை. அவனோடு இருந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன். கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், 1,400 வருடங்களுக்கு முன்னால் மலையோரத்தில் மாடு மேய்த்த ஒரு கூட்டம், கல்லில் எழுத இருந்த கொஞ்ச இடத்தில் ஒரு நாயின் பெயருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது.

(இதைப் படித்த உற்சாகத்தில் எங்கள் தெரு நாயை "கோவிவன், கோவிவன்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது பெட்டை நாய் என்று எதிர்வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் 'செவலை' என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.)

இன்னொரு கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்ட தக்கோலப் போரைப் பாடத்தில் படித்திருப்போம். 949இல் நடந்தது. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் கங்க மன்னன் பூதுகன் "என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு சண்டை போட்டு, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. மணலேரன் அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டான். கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு எச்சரிக்கிறது. அந்தக் கல் பிறகு பெங்களூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

இதை வைத்து அந்தக் காலத்தில் எல்லா நாயும் ராஜவாழ்க்கை வாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாய் என்பது அப்போதும் வசவுச் சொல்தான். மாணிக்கவாசகர் தன்னைத் தாழ்த்திச் சொல்லும்போது நாய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். இன்றைக்கும் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணி விளக்கு ஏற்றக் கூட்டம் அலைமோதுகிறது. பைரவரின் வாகனம் நாய். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் நாயைப் பார்த்து 'ச்சூ' என்று கல்லைத் தூக்குகிறவர்களும் நாம்தான். ஆக, மரியாதையும் அடியும் பழைய காலத்திலிருந்தே கலந்து வந்தவை. ஆனால் அன்றைக்கு நாய்க்கு ஒரு வேலை இருந்தது, அதனால் ஓர் இடமும் இருந்தது. மந்தை காக்க, வயல் காக்க, வேட்டைக்குப் போக என்று ஊருக்கு அது வேண்டியிருந்தது.

தலைக்கு இவ்வளவு என்று விலை

நகரங்கள் பெருத்தபோது கதை மாறியது. நகரத்துத் தெருவில் மந்தையும் இல்லை, வயலும் இல்லை. குப்பை மட்டும் இருந்தது. குப்பை இருந்தால் நாய் இருக்கும்.

பம்பாயில் 1813லேயே தெரு நாய்களைக் கொல்ல ஆங்கிலேய நிர்வாகம் விதி கொண்டுவந்தது. வருடத்தில் குறிப்பிட்ட சில வாரங்கள் கொல்லும் பருவம். கொன்றவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். 1832இல் அந்தப் பருவத்தை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டினார்கள். காசுக்காக வளர்ப்பு நாய்களையும் பிடிக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. பார்சி மதத்தில் நாய்க்குத் தனி இடம் உண்டு. இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் காட்டுவது அவர்கள் சடங்கு. 1832 ஜூன் 6 அன்று பார்சிகள் கூட்டமாகத் திரண்டு நாய் பிடிப்பவர்களைத் தாக்கினார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சியில் நடந்த ஆரம்பகால நகரக் கலவரங்களில் ஒன்று நாய்க்காக நடந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

சென்னைக்கு வருவோம். இங்கே மாநகராட்சி நாய்களைக் கொல்லத் தொடங்கியது 1860 வாக்கில். ஆரம்பத்தில் நாளைக்கு ஒன்று கூட இல்லையாம். ஆனால் 1990களின் நடுவில் நாளைக்கு 135 வரை போய்விட்டது என்று புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். 1970களில் செத்த நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு அதிகமாக இருந்தது என்றால், சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த் தோலில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்யலாமா என்று வடிவமைத்துப் பார்த்திருக்கிறது. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 130 வருடங்களுக்கு மேல் விடாமல் கொன்றிருக்கிறார்கள். நாய் குறைந்திருந்தால் கொல்லும் எண்ணிக்கையும் குறைந்திருக்க வேண்டும். அது நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. குப்பை அப்படியே இருக்கும்போது ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். மீதியிருப்பவை குட்டி போடும். இந்த வேட்டையில் தப்பிப் பிழைப்பது எந்த நாய்? மனிதனைக் கண்டதும் ஓடுகிற நாய். நம்பிக்கையோடு வாலாட்டி வந்தது முதலில் மாட்டிக்கொள்ளும். தாய் ஓடுவதைப் பார்த்துக் குட்டியும் ஓடப் பழகும். அந்த பயத்தில் நம் பங்கும் நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் கடி வாங்கிய கதை

இனி என் தப்பு. ஒரு வாரம் செவலைக்குச் சோறு வைத்தேன். எட்டாம் நாள் தைரியம் வந்து, அது தின்றுகொண்டிருக்கும்போது தலையைத் தடவக் கையை நீட்டினேன். பயந்த நாயின் தலைக்கு மேலே கை நீட்டக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே நொடி. மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. கடித்த நாயும் என்னைவிட வேகமாக ஓடிப்போய்ப் பெட்டிச் சந்தில் ஒளிந்துகொண்டது.

குழாயடியில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு கையிலும் ஊசி, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். அதன் பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மறுபடி வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசியா கண்ணு?"

அந்தப் பதினாலு ஊசிக்கும் வரலாறு உண்டு. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தன் தடுப்பூசியைப் போட்டார். பையன் பிழைத்தான். நம் பக்கத்தில் 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். தென்னிந்தியாவிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்ச ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது சிம்ஸ் பூங்கா பக்கத்தில் பார்க்கும் அதே கட்டடம்தான்.

அதே காலத்தில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். வயிற்றில் தினமும் போடும் அந்த ஊசிதான் ஆயா சொன்னது. வலி மட்டுமில்லை, சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. அது இந்தியாவில் நின்றது 2004-05 வாக்கில். இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிகிறது. ஆனாலும் அந்தப் பழைய பயத்தில் கடிபட்டதை மறைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது உலக அளவில் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்.

மருந்து வச்சிடலாமா?

நான் கடி வாங்கிய செய்தி தெருவில் பரவியது. அன்று சாயங்காலமே பேச்சு வந்துவிட்டது. "சோத்துல மருந்து வச்சிடலாம்பா, பசங்க விளையாடுற இடம்." சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் பேத்திக்கு நாலு வயது. அந்த பயமும் நியாயமான பயம்தான்.

இந்த வாதம் காந்தி காலத்திலேயே நடந்திருக்கிறது. 1926இல் அகமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாய் தன் ஆலை வளாகத்தில் சுற்றிய 60 நாய்களைக் கொல்ல வைத்தார். அகிம்சை பேசும் காந்தி கண்டிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். காந்தியோ வேறு வழி என்ன என்று கேட்டார். 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். தெருவில் நாய் அலைவது அந்தச் சமூகத்துக்கே வெட்கம், பொறுப்பேற்காமல் மிச்சச் சோற்றை வீசுவது கருணை ஆகாது என்பது அவர் கட்சி. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் என்னையும்தான் கேட்கிறார் என்று தோன்றியது. ஒரு வாரம் சோறு போட்டேன், சரி. அதற்குத் தடுப்பூசி போட என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை.

கொல்லாமல் வேறு வழி இருக்கிறது என்று நம் ஊர்க்காரர்கள்தான் காட்டினார்கள். 1959இல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். பிடித்துக் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அவர்கள் 1964லேயே சொன்னார்கள். மாநகராட்சி ஒத்துக்கொண்டது 1996இல். இடையில் 32 வருடம்! சட்டமும் உதவவில்லை. ராஜ்யசபாவில் ருக்மிணி தேவி அருண்டேல் போராடியதன் விளைவாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே தெரு நாய்களைக் கொலை அறைகளில் கொல்வதற்கு விலக்கு இருக்கிறது. 2001இல்தான் அறுவை செய்து திரும்ப விடுவது நாடு முழுவதற்கும் விதியானது. 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது. சென்னையில் 1996இல் 120 ஆக இருந்த வெறிநோய்ச் சாவுகள் 2004இல் 5 ஆகக் குறைந்தன என்று புளூ கிராஸ் கணக்கு சொல்கிறது.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில் அந்த உத்தரவை மாற்றி, வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தச் சொன்னது.

பத்து நாள்

தாத்தாவிடம் நான் கேட்டது பத்து நாள் அவகாசம். கடித்த நாய்க்கு அன்றைக்கு எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் அது நோய்ப்பட்டுச் செத்துவிடும். உயிரோடு நன்றாக இருந்தால் பயமில்லை. கொன்றுவிட்டால் இது தெரியாமலே போய்விடும். (அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே போட வேண்டும்.) தாத்தா யோசித்துவிட்டு, "பத்து நாள்தான்பா" என்றார்.

அந்தப் பத்து நாளில்தான் ஒரு ஆய்வைப் படித்தேன். கொல்கத்தா ஐசரில் அனிந்திதா பத்ரா என்ற விஞ்ஞானி தெரு நாய்களைப் பற்றியே ஆராய்கிறார். 2020இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு: இரண்டு கிண்ணங்களை வைத்து, முன்பின் தெரியாத ஓர் ஆள் ஒன்றைக் கையால் காட்டினார். பக்கத்தில் வந்த நாய்களில் ஐந்தில் நான்கு அந்தக் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காத நாய்கள்! ஆனால் ஏறக்குறைய பாதி நாய்கள் பக்கத்திலேயே வரவில்லை. மனிதர்களிடம் பட்ட அனுபவத்தால் பயந்திருக்கலாம் என்கிறார்கள். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், சாப்பாட்டைவிட அன்பாகத் தடவிக்கொடுத்தல்தான் நம்பிக்கையை வளர்த்தது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. நோயைத் தடுக்க ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட வேண்டும். பக்கத்தில் வராத நாய்க்கு எப்படிப் போடுவது? கல்லெறிந்து விரட்டும் ஊரில் தடுப்பூசி போடுகிறவர் வந்தாலும் நாய் ஓடிவிடும். கடைசியில் அந்த பயம் நாலு வயதுக் குழந்தையிடம்தான் வந்து முடியும்.

நான் முறையை மாற்றினேன். தினமும் அதே நேரத்துக்குச் சோறு. வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி, முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வேன். கை நீட்டுவதில்லை. பிள்ளைகளிடம் ஓடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன். பத்து நாள் முடிந்தது. செவலை நன்றாக இருந்தது. தாத்தா தினமும் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் கால்நடை டாக்டர் ஒருவர் வந்தார். சோறு வைக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பழைய மாட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோயிருந்தோம். கதவைச் சாத்தி, கோணிப்பையால் போர்த்திப் பிடித்து, ஊசி போட்டு முடித்தோம். பிடித்தவர்களில் தாத்தாவும் ஒருவர்.

குடும்பக்கட்டுப்பாடு அறுவைக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். செவலை ஊசி போட்ட பிறகு நாலு நாள் என்னிடம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. நேற்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். எழுந்து ஓடத்தான் செய்தது. பத்தடி போய் நின்று திரும்பிப் பார்த்தது.

உங்கள் தெருவிலும் ஒரு செவலை இருக்கும். சோறு போடுகிறவர்கள் அதோடு நிறுத்தாமல் ஊசிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பயப்படுகிறவர்கள் கல்லை மட்டும் எடுக்காதீர்கள். கடிபட்டால் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோவிவனுக்குக் கல் நட்ட ஊர்க்காரர்கள் நாம். இந்த அளவாவது செய்யலாம்.